ஒன்றேகால் மணி நேரத் தூரம்

ராக்காயி சாமியிடம் ஒரு கேள்வியோடு போகிறவர் இரண்டு கேள்வியோடு திரும்புவார் என்று அந்தப் பக்கத்தில் கேலியாகச் சொல்வார்கள். திருமேனிநாதன் அப்படித்தான் பல வருடங்களாக மலையடிவார மடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு நாற்பத்தைந்துகூட ஆகியிருக்காது. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த பெண், ஒரு கோடை விடுமுறைக்கு மடத்துக்கு வந்தவர், திரும்பிப் போக மறந்துவிட்டார். அவர் துறவு பூண்ட கதை அவ்வளவுதான்.

திருமேனி மலைக்கு அந்தப் பக்கம் இருந்த விண்வெளி ஆய்வு நிலையத்தின் தலைவர். அவர் கேட்டது எப்போதும் ஒரே கேள்வி.

“சாமி, வெளிக்கோள்கள் பக்கம் மனுஷன் பிழைப்பானா?”

வியாழன், சனி, அதற்கும் அப்பால் உள்ளவை. வெயில் பேருக்கு எட்டிப் பார்க்கும் இடங்கள். அந்தக் கோள்களில் கால் வைக்கத் தரையே கிடையாது. அவற்றைச் சுற்றும் நிலவுகளில் உண்டு. சனியின் டைட்டன் நிலவில் தரையோடு தடித்த காற்றும் இருக்கிறது, ஆனால் மூச்சு விட ஆகாத காற்று. தண்ணீர் அங்கே பாறையாக உறைந்து கிடக்கும். அந்த டைட்டனில்தான் குடித்தனம் வைக்க வேண்டும் என்று திருமேனிக்கு ஆசை.

முதல் தடவை கேட்டபோது சாமி, “மூச்சுக்கு என்ன செய்வான், சார்?” என்றார். திருமேனி ஒரு வருடம் கழித்து மூச்சுக்குப் பதிலோடு வந்தார். “அப்போ சாப்பாடு?” என்றார் சாமி. அதற்கு மண்ணில்லாமல் கீரையும் கிழங்கும் வளர்த்துக் காட்டினார். “சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு எங்கே போவான்?” என்று அடுத்த முறை கேட்டபோது திருமேனி தலையைச் சொறிந்தார். பிறகு வரைபடத்தில் ஒரு சின்ன அறையைச் சேர்த்தார். கோபித்துக்கொண்டு போய் உட்கார்வதற்கென்றே ஓர் அறை. மேலிடத்தில் அதற்கு அனுமதி வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

கடைசியாகச் சாமி கேட்டது, “அவன் அம்மாகிட்ட எப்படிப் பேசுவான்?”

அதற்கும் திருமேனியிடம் பதில் இருந்தது. டைட்டனிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போனில் பேசுவது போல மாறி மாறிப் பேச முடியாது. குரலைப் பதிந்து அனுப்பலாம். வாரம் ஒருமுறை அம்மா பேசி அனுப்புவாள். பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவான்.

“போதுமா, சாமி?” என்று சிரித்தார் திருமேனி. சாமி அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் சோதனைக்காக ஓர் இல்லத்தைக் கட்டினார்கள். நிலையத்து வளாகத்தின் நடுவிலேயே, ஜன்னல் இல்லாத ஒரு வீடு. நான்கு பேர் டைட்டனில் இருப்பதாகவே பாவித்து ஒன்றரை வருடம் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே விளைவதைத்தான் சாப்பிட வேண்டும். வெளிப்பேச்சு எல்லாம் ஒன்றேகால் மணி நேரம் தாமதித்தே போகும், வரும். கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. முடியாதவர்கள் திறந்துகொண்டு வந்துவிடலாம். ஆனால் ஒரு முறை திறந்தால் சோதனை அத்தோடு முடிந்தது. எல்லாருடைய உழைப்பும் போனது.

கதவு சாத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் திருமேனி மடத்துக்கு வந்தார். அன்னதானம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பின்கட்டில் பெரிய சாம்பார் அண்டா படுத்துக் கிடந்தது. அதற்குள் பாதி உடம்பை நுழைத்துச் சாமி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு?” அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“திருமேனி, சாமி.”

“சனிக்கிரகத்துக்காரரா? வாங்க. அந்தச் சாம்பலை எடுத்துக் கொடுங்க.”

திருமேனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாம்பலை அள்ளிக் கொடுத்தார். தானும் ஒரு தேங்காய் நாரை எடுத்து வெளிப்புறத்தைத் தேய்த்தார். 

சாமி வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சார், இந்தத் தடவை பிழைப்பானான்னு கேக்கலையே?”

“ஒரு அம்மா செத்துட்டாங்க, சாமி.”

“யாரோட அம்மா?”

“உள்ளே இருக்கான்ல, தவசின்னு ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கம். அவனோட அம்மா ஒச்சம்மா. மூணு மாசம் ஆகப் போகுது.”

“அவன் வந்து பார்த்தானா?”

“அவனுக்குத் தெரியாது.”

சாமி நாரைக் கீழே வைத்தார்.

திருமேனி சொன்னார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். அவனுக்குச் சொல்லாமல் விட்டது, உள்ளே போவதற்கு முன் நாலு பேரும் ஒரே குரலாகக் கேட்டுக்கொண்டபடிதான். கெட்ட சேதி எதுவும் உள்ளே வர வேண்டாம், நிஜமாகவே டைட்டனில் இருந்தால் ஓடி வந்து பார்க்கவா முடியும் என்று தவசியே சிரித்துக்கொண்டு சொன்னான். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்ட பிள்ளை. ஒரே பிள்ளை. அவன் உள்ளே போன சில மாதங்களில் ஒச்சம்மாவுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். திருமேனி ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கட்டிலருகே நின்றார். கூப்பிட்டுவிடட்டுமா என்று அவர்தான் கேட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே கேட்டார். அந்த ஏக்கம் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

“வேணாங்கய்யா,” என்றாள் ஒச்சம்மா. “எம்புள்ள வேல கெட வேணாம். கொள்ளி வைக்கத்தான் ஆளில்ல.”

“நான் வைக்கிறேன்மா.”

இதைச் சொன்னபோது சாமி குறுக்கிட்டார்.

“வச்சீங்களா?”

“வச்சேன், சாமி. சொந்தக்காரங்க ரெண்டு பேர் ஏதோ முணுமுணுத்தாங்க. அப்புறம் ஒதுங்கி நின்னுட்டாங்க. நான்தான் பானை சுமந்து சுத்தி வந்தேன். நான்தான் வச்சேன்.”

“அவன்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. அந்தம்மா போறதுக்கு முன்னாடியே பேச வச்சுப் பதிஞ்சுக்கிட்டேன். ஒரே நாள்ல, பல வாரத்துக்கு. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணா அனுப்பிக்கிட்டு வந்தேன்.”

 மடத்து வேம்பில் ஒரு அணில் கத்திக்கொண்டே இருந்தது.

“தீர்ந்துபோச்சு, சாமி. போன வாரம் அனுப்பினதுதான் கடைசி. நாளைக்கு அனுப்ப ஒண்ணுமில்லை.” திருமேனி அண்டாவைப் பார்த்துப் பேசினார். “எங்க கம்ப்யூட்டர் ஆளுங்க ஒரு வழி சொல்றாங்க. அந்தம்மா இதுவரைக்கும் பேசினதை எல்லாம் கொடுத்தா, அதே குரல்ல மிஷின் பேசுமாம். எத்தனை நாள் வேணும்னாலும் பேசுமாம். இன்னும் ஆறு மாசம்தான். செய்யலாமா?”

“அவன் நம்புவானா?”

“இப்பவே நம்பிக்கிட்டுத்தானே இருக்கான்? நல்லா சாப்பிடுறான், நல்லா தூங்கறான். எடைகூடக் குறையலை. டாக்டர் பார்த்துக்கிட்டே இருக்கார்.”

“அந்தம்மா பேச்சுக்கு அவன் என்ன பதில் சொல்றான்?”

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வரக் கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

“நான் கேட்டதில்லை.”

“வேற யாராவது?”

“தாய்-பிள்ளை பேச்சு. வேற யாரும் கேட்கக் கூடாதுன்னு விதி போட்டதே நான்தான். வந்தது வந்தபடி என் போன்ல சேர்ந்துக்கிட்டிருக்கு. ஒரு தடவை கேட்கலாம்னு எடுத்தேன். அவன் ‘அம்மா’ங்கறதுக்குள்ள அமுத்திட்டேன்.”

“செத்தவங்களுக்கு வந்ததைக் கொள்ளி வச்சவரு கேக்கலாம், சார். போடுங்க.”

திருமேனி சாம்பல் படிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஒச்சம்மா நிஜமாகவே பேசிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கடைசிப் பதிலைச் சாமி முதலில் போடச் சொன்னார்.

“ஏம்மா, கால் வீக்கம் வத்திருச்சா? மாத்திரைய நேரத்துக்குப் போடுறியா, இல்ல முந்தியில முடிஞ்சு வச்சிருக்கியா? வெள்ளாடு குட்டி போட்டுருச்சா? எத்தன? நான் சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேன், சாப்பிட்டேன். எத்தன தடவதான் கேப்ப? ஒனக்கு வேற பேச்சே இல்லையா?”

சாமி லேசாகச் சிரித்தார். திருமேனியால் சிரிக்க முடியவில்லை. அடுத்ததைப் போட்டார். பதிந்து வைத்ததில் முதலாவதை அனுப்பிய பிறகு வந்த பதில் அது. முதலில் ஏதோ மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பேச மறந்துவிட்டானோ என்று நினைக்கும் அளவுக்கு அது நீண்டது.

“ஏம்மா.”

மறுபடி மின்விசிறி.

“மழ பேஞ்சதுன்ன. ஆடு நல்லாருக்குன்ன. கூரைக்கு ஓடு மாத்தணும்ன. என்னைய ஒண்ணுமே கேக்கலையே.”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

“சாப்பிட்டியான்னுகூடக் கேக்கல.”

வெகுநேரம் கழித்து, “சரிம்மா,” என்றான். அதோடு நின்றது.

சாமி திருமேனியைப் பார்த்தார்.

“ஏன் அவங்க கேக்கல?”

“நான்தான்...” திருமேனி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேள்வி எதுவும் வேணாம்மான்னு சொன்னேன். கேட்டா அவன் பதில் சொல்லுவான். அடுத்த வாரப் பேச்சு அந்தப் பதிலோட ஒட்டணும்ல? ஒட்டலைன்னா கண்டுபிடிச்சிடுவானேன்னு...”

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் நடந்தது அவர் கண் முன்னால் வந்தது. ஒச்சம்மா பழக்க தோஷத்தில் ஒவ்வொரு முறையும் “சாப்பிட்டியாப்பா” என்றே ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அழித்துவிட்டு முதலிலிருந்து பேசச் சொன்னார். அவள் மூச்சு வாங்க வாங்க மறுபடி பேசினாள். சாகப் போகிற ஒரு தாயிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்குவதற்கு அவர் எவ்வளவு பொறுமையாக இருந்தார்! அப்போது அதை அவர் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“முதல் வாரமே அவனுக்குத் தெரிஞ்சிருச்சு, சார்,” என்றார் சாமி.

திருமேனி அடுத்ததைப் போட்டார். நிறுத்தினால் திரும்பப் போட முடியாது என்று தோன்றியது.

“அம்மா, இன்னிக்கு அரைக்கீர பறிச்சேன். மசிச்சேன். ஒன் கை மாதிரி வரல. தட்டுல வச்சிருக்கேன். தண்ணி சுத்திட்டேன். இங்க காக்கா இல்ல, நானே எடுத்துக்கிறேன். கோவிச்சுக்காத.”

தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“மத்த மூணு பேருக்கும் சொல்லல. சொன்னா அவுகளும் ஒடஞ்சு போவாக. கோவிச்சுக்கிட்டு வந்து உக்கார்றதுக்குன்னு இங்க ஒரு ரூமு இருக்கு. அதுலதான் உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன். சண்ட போட்டுட்டு வந்தேன்னு நெனச்சுக்குவாக.”

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறை எப்படி வந்தது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசியாக வந்தது போன வாரத்துப் பேச்சு. இதில் தவசியின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

“சார் தெனமும் காலைல நல்லாருக்கீங்களான்னு கேட்டு அனுப்புறாரு. நல்லாருக்கோம்னு அனுப்புறேன். அவரு கொரல்தாம்மா நல்லால்ல. பாவம், தெரிஞ்சத உள்ளயே வச்சிருக்கது செரமந்தான். நாம்பாட்டுக்கு இருந்துக்கிருவேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும்மா. யாரு கொள்ளி வச்சா? மாமன் வீட்ல யாரும் முன்னாடி வந்திருக்க மாட்டாக. யாரு வச்சாகளோ, வெளிய வந்ததும் அவுக கையப் பிடிச்சு ஒரு தடவ கண்ணுல ஒத்திக்கணும்.”

போன் அடங்கியது.

திருமேனி தன் வலது கையைப் பார்த்தார். புறங்கையில், நகக்கண்ணில், ரேகைகளில் எல்லாம் சாம்பல். அவர் வாய்விட்டு அழுதார். சுடுகாட்டில் அழவில்லை. எரிந்து முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அப்படியே அலுவலகம் போய் நாலு பேருக்கும் காலை வணக்கம் அனுப்பியவர் அவர். இப்போது மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதார். சாமி அவரை அழ விட்டார்.

“கதவு உள்ளேயிருந்து திறக்கும், சாமி,” என்றார் கடைசியில். “ஒரு கைப்பிடி. திருகினாப் போதும். தெரிஞ்சதும் அவன் ஏன் வெளியே வரல?”

“வந்து எதைப் பார்க்கணும்?”

திருமேனி வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாமியே தொடர்ந்தார்.

“தான் அழுதா உங்க வேலை கெட்டுரும்னு அவன் உள்ளே உக்கார்ந்திருக்கான். நீங்க சொன்னா அவன் வேலை கெட்டுரும்னு வெளியே உக்கார்ந்திருக்கீங்க. நடுவுல ஒரு சுவர். நாலு விரக்கடை கனம் இருக்குமா, சார்?”

“என் தப்பு, சாமி.”

“என் பங்கும் இருக்கு. அம்மாகிட்ட எப்படிப் பேசுவான்னு கேட்டவ, அம்மா செத்தா என்ன செய்வான்னும் கேட்டிருக்கணும். அன்னிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீங்க சந்தோஷமா சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. விட்டுட்டேன்.”

 வெயில் அண்டாவின் விளிம்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு திருமேனி எழுந்து தொட்டியில் முகத்தைக் கழுவினார். போனில் யாரையோ கூப்பிட்டு, அந்தக் குரல் வேலை வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றார். எதிர்முனையில் ஏன் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. “வேண்டாம்னா வேண்டாம்ப்பா,” என்று வைத்துவிட்டார்.

“நான் போய்க் கதவைத் தட்டுறேன், சாமி. சோதனை போனாப் போகட்டும்.”

“திறக்கிறதும் திறக்காததும் அவன் பாடு. அவன் ஒண்ணு கேட்டிருக்கான்ல, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.”

“நான்தான்னு தெரிஞ்சா என் முகத்துல முழிப்பானா?”

“அதை அங்கே போய்த்தான் தெரிஞ்சுக்கணும்.”

திருமேனி கும்பிட்டுவிட்டு நடந்தார். மடத்து வாசல் வரைக்கும் போனவர் நின்றார். இத்தனை வருடமாக அவரை இங்கே இழுத்து வந்த கேள்வி போகும்போதும் விடவில்லை. வாங்கின பதில் போதாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். தீராத வியாதிக்காரர் டாக்டரிடம் கேட்பதுபோல மெல்லிய குரலில் கேட்டார்.

“சாமி, மனுஷன் அங்கே பிழைப்பானா?”

சாமி அண்டாவுக்குள் குனியப் போனவர் நிமிர்ந்தார்.

“பிழைப்பான், சார். பெத்தவ செத்ததை ஒருத்தரும் சொல்லல. சேர்ந்து அழ ஒரு ஆளில்ல. அவன் கீரை பறிச்சான், சாப்பிட்டான், தூங்கினான். எடைகூடக் குறையலைன்னு நீங்கதான் சொன்னீங்க. இதைவிடவா குளிரப் போகுது உங்க டைட்டன்ல?”